468 பேருக்கு ஒன்று, 1414 பேருக்கு ஒன்று: தாய்மார் குழு ஆய்வுகளை வாசித்தல்

லான்செட் மருத்துவ இதழின் 375-ஆம் தொகுதியில் (2010) 1182-ஆம் பக்கத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை தொடங்குகிறது. அது முடிந்த கையோடு 1193-ஆம் பக்கத்தில் இன்னொன்று. முதலாவது ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களைப் பற்றியது. இரண்டாவது வங்கதேசத்தின் மூன்று மாவட்டங்களைப் பற்றியது. இரண்டு இடத்திலும் செய்த வேலை ஏறத்தாழ ஒன்றேதான். ஊர்ப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்து, பிரசவத்திலும் பிறந்த குழந்தைக்கும் என்னென்ன கஷ்டம் வருது, அதுக்கு என்ன செய்யலாம் என்று அவர்களையே பேசவைப்பது. மாத்திரை கிடையாது, பணம் கிடையாது. முதல் ஆய்வில் பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டாவதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. சாப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரே நிரல் ஒரு சர்வரில் ஓடி, பக்கத்து சர்வரில் படுத்துவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கதோஷத்தில்தான் இந்த இரண்டு கட்டுரைகளையும், அவற்றின் முன்னோர்களையும் வாரிசுகளையும் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாய்மார் குழுவை வெற்றிகரமாக நடத்துவது எப்படி என்று கேட்டால் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஒரே நேரத்தில் கூடுங்கள், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வையுங்கள், டீ பிஸ்கட் மறக்காதீர்கள். எல்லாமே அறைக்குள் இருப்பவர்களைப் பற்றிய அறிவுரை. குழு வெற்றியா இல்லையா என்பதை அறைக்கு வெளியே, உயிர்க் கணக்கில் அளந்து பார்த்தவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றில் இந்தக் கட்டுரைக் குடும்பமே பெரியது. அதனாலேயே அவற்றைக் கொஞ்சம் கறாராகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முன்கதை பொலிவியாவில் இருக்கிறது. இன்கிசிவி என்ற மலைப்பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் 'வார்மி' என்று ஒரு திட்டம். அய்மாரா மொழியில் பெண் என்று அர்த்தம். பெண்கள் குழுக்கள் கூடித் தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே வரிசைப்படுத்தி, தாங்களே திட்டம் போட்டார்கள். ஆயிரம் பிறப்புக்கு 117 ஆக இருந்த பேறுகால சிசு இறப்பு சுமார் 44 ஆக இறங்கியதாக 1998-இல் எழுதினார்கள். பிரமாதமான எண். ஆனால் முன்-பின் ஒப்பீடு மட்டும்தான். குழு இல்லாத பகுதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த மூன்று வருடத்தில் வேறு எதுவோ மாறியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஓட்டையை அடைத்தது நேபாளம். காத்மாண்டுவுக்குத் தெற்கே இருக்கும் மக்வான்பூர் மாவட்டத்தில் 24 பகுதிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, 12 இடங்களில் குழுக்களை ஆரம்பித்தார்கள். மற்ற 12 ஒப்பீட்டுக்கு. பகுதிக்கு ஒரு பெண் ஊக்குநர், மாதம் 9 கூட்டங்கள். 2004-இல் லான்செட்டில் முடிவு வந்தது. குழு நடந்த பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு 26.2 பச்சிளங்குழந்தை இறப்பு, நடக்காத பகுதிகளில் 36.9. சுமார் 30% குறைவு.

இந்த 30%-ஐ நான் நம்புகிறேன். கூடவே மேற்கோள் காட்டப்படும் இன்னொரு எண்ணிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வேன். தாய் இறப்பு 78% குறைந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். கட்டுரையைத் திறந்து பார்த்தால் குழுப் பகுதிகளில் 2 தாய்மார், ஒப்பீட்டுப் பகுதிகளில் 11 தாய்மார் இறந்திருக்கிறார்கள். பதின்மூன்றே மரணங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பேரிடிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் இங்கே பிழைத்து, ஒரு பெண் அங்கே இறந்திருந்தால்கூட அந்தச் சதவீதம் எங்கேயோ போய்விடும். கட்டுரை பிழை வரம்பை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறது. எடுத்துப் பேசுகிறவர்கள்தான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

மக்வான்பூர் கட்டுரையில் எல்லோரையும் கவர்ந்த புதிர் வேறு. ஆய்வில் பின்தொடரப்பட்ட 28,931 பெண்களில் குழுவில் சேர்ந்தவர்கள் 8% பேர்தான். எட்டுப் பேர் கூடிப் பேசியதில் நூறு பேரின் வீட்டில் குழந்தை பிழைக்குமா? இந்தப் புதிரில் பாதி பகுவெண் செய்த வேலை. அந்த 28,931-இல் எல்லாத் திருமணமான பெண்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கர்ப்பம் ஆகாதவர்கள்தான் பெரும்பான்மை. கர்ப்பிணிகளை மட்டும் எடுத்தால் குழுவுக்கு வந்தவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல். சரி, பாதிப் புதிர் தீர்ந்தது. மீதிப் பாதி அப்படியே நிற்கிறது, அதுதான் சுவாரசியமானது. மூன்றில் இரண்டு கர்ப்பிணிகள் ஒருமுறைகூட வராத ஊரில், ஊர் மொத்தத்துக்குமான இறப்பு குறைந்திருக்கிறது. அப்படியானால் பேச்சு வாசல் தாண்டி நடந்து போயிருக்கிறது. தண்ணீர்க் குழாயடிக்கும், வயலுக்கும், அடுத்த வீட்டு மாமியாரிடமும்.

எப்படிப் போனது என்பதற்கு அந்தக் குழுக்கள் செய்த காரியங்களைப் பார்த்தால் போதும். பிரசவச் செலவுக்கு என்று ஊர் நிதி சேர்த்தார்கள். கர்ப்பிணியை மலையிலிருந்து இறக்கத் தூக்குக்கட்டில் ஏற்பாடு செய்தார்கள். சுத்தமான பிரசவத்துக்கான பொட்டலங்களைச் செய்து கொடுத்தார்கள். கர்ப்பிணி வீடுகளுக்குப் போனார்கள். தூக்குக்கட்டிலுக்கு உறுப்பினர் அட்டை கேட்க முடியாது. ஊரில் எந்தப் பெண்ணுக்கு வலி வந்தாலும் அது போகும். குழுவுக்கு வராதவளும் குழுவின் பயனாளி ஆவது இப்படித்தான்.

இப்போது 2010-க்கு வரலாம். ஜார்க்கண்டின் சக்ரதர்பூரிலிருந்து இயங்கும் ஏக்ஜுட் அமைப்பும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், ஒடிசாவின் கேந்துஜர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்த ஆய்வு. பெரும்பாலும் பழங்குடி ஊர்கள். 36 பகுதிகள், 2,28,186 மக்கள். 244 குழுக்கள், அதில் 172 ஏற்கெனவே இருந்த சேமிப்புக் குழுக்கள்.

நம்ம ஊர்ல மகளிர் குழு என்றாலே சேமிப்புக் குழுதான் ஞாபகம் வரும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்திலிருந்து பழகிய வடிவம்: பதினைந்து இருபது பேர், ஒரு பதிவேடு, ஒரு வங்கிக் கணக்கு, ஒரு ஊக்குநர். அது மூடிய குழு. கடன் கொடுக்கல் வாங்கல் இருப்பதால் மூடியே இருந்தாக வேண்டும். ஆனால் பிரசவ விஷயத்தில் அது இடிக்கும். சேமிப்புக் குழுவில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மாமியார். வயிற்றில் பிள்ளையோடு வீட்டில் அடுப்பு பார்த்துக்கொண்டிருப்பது மருமகள். ஏக்ஜுட் செய்த முக்கியமான காரியம், இந்தக் குழுக்களின் கதவைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம். அதோடு நிற்காமல், புதிதாகக் கர்ப்பமான பெண்களைத் தேடிப்போய் அழைத்தார்கள். முதல் வருடம் ஊரின் கர்ப்பிணிகளில் 18% பேர் வந்தார்கள். மூன்றாம் வருடம் 55%.

முடிவைப் பாருங்கள். குழுப் பகுதிகளில் ஆயிரத்துக்கு 55.6, 37.1, 36.3 என்று மூன்று வருடங்களில் இறங்கியிருக்கிறது. மொத்தமாக 32% குறைவு என்பது கட்டுரையின் கணக்கு. கடைசி இரண்டு வருடத்தை மட்டும் எடுத்தால் 45%. இந்த இடத்தில் ஒரு கறாரான வாசகர் ஒப்பீட்டுப் பகுதிகளின் வரிசையையும் படிக்க வேண்டும்: 53.4, 59.6, 64.3. அங்கே இறப்பு வருடா வருடம் ஏறியிருக்கிறது! இடைவெளியின் ஒரு பகுதி குழுப் பகுதி இறங்கியதால் வந்தது, இன்னொரு பகுதி ஒப்பீட்டுப் பகுதி ஏறியதால் வந்தது. 45% என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் நியாயமாக இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆய்வு முடிந்தபின் ஒப்பீட்டுப் பகுதிகளிலும் குழுக்களை ஆரம்பித்தார்கள். அங்கேயும் இறப்பு இறங்கியது. 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அது வெளியானது. என் சந்தேகத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையோடு போய்விட்டது.

பக்கத்துக் கட்டுரையில் வங்கதேசம். போக்ரா, மௌலவிபஜார், ஃபரித்பூர் மாவட்டங்கள், ஐந்து லட்சம் மக்கள். அதே சுழற்சி முறை, அதே மாதிரி ஊக்குநர்கள். வித்தியாசம் 7%, அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவு. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கண்ணில் அறைகிற எண் ஒன்றுதான். ஜார்க்கண்டில் 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1414 பேருக்கு ஒரு குழு. அந்த ஊர்களில் கர்ப்பிணிகளில் மிகச் சிலருக்கே குழு எட்டியிருக்கிறது. அதே அணி பின்னர் அதே மாவட்டங்களில் 309 பேருக்கு ஒன்று என்று குழுக்களைப் பெருக்கியது. 2013-இல் வந்த முடிவு: 38% குறைவு. இப்படித் தோல்வியை அச்சிட்டு, காரணத்தை ஊகித்து, அந்த ஊகத்தைக் களத்தில் சோதித்து மறுபடியும் அச்சிட்டதை நான் இந்தக் கட்டுரைக் குடும்பத்தின் மிக நல்ல குணமாகப் பார்க்கிறேன். எங்கள் தொழிலிலேயே பலர் இதைச் செய்வதில்லை.

அப்புறம்தான் எனக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. 2013-இல் நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு 23% குறைவு. கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது பங்கேற்ற ஆய்வுகளை மட்டும் பிரித்தால் 33% குறைவு. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனம், மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு இந்தக் குழுக்களைப் பரிந்துரைத்தது. பரிந்துரை சரிதான். ஆனால் அந்த 30% என்ற கோட்டை எப்படி வாசிப்பது? ஏழு ஆய்வுகளை நான்கு, மூன்று என்று இரு கூறாக்கிப் பார்த்துக் கிடைத்த கோடு அது. அதைவிட முக்கியமாக, ஒரு குழுவுக்குக் கர்ப்பிணிகள் அதிகம் வந்தார்கள் என்பது காரணமா, விளைவா? ஊக்குநர் திறமைசாலி, பேச்சு உருப்படியாக இருக்கு, போன மாதம் முடிவு செய்த காரியம் இந்த மாதம் நடந்திருக்கு என்றால், பெண்கள் வருவார்கள், பக்கத்து வீட்டுக்காரியையும் இழுத்து வருவார்கள். வருகை என்பது நல்ல குழுவின் காய்ச்சல்மானி மாதிரி. காய்ச்சல்மானியை ஐஸில் வைத்தால் எண் இறங்கும், காய்ச்சல் இறங்காது.

இது வெறும் தர்க்கப் பிடிவாதம் இல்லை. கொள்கை வகுப்பவர் கையில் "30% வருகை" என்று எழுதிக்கொடுத்தால், அவர் கீழே "30% வருகையைக் காட்டு" என்று உத்தரவு போடுவார். ஆர்வத்தில் வந்த முப்பது பேரும், ஏதாவது சலுகை போய்விடுமோ என்று வந்து உட்கார்ந்த முப்பது பேரும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். எங்கள் அலுவலகங்களில் தினமும் காலையில் பதினைந்து நிமிட நின்றபடி கூட்டம் ஒன்று உண்டு. யார் எங்கே சிக்கியிருக்கிறார், யார் கை கொடுக்கலாம் என்று பேச உருவாக்கியது. இப்போது பல இடங்களில் அது வருகைப் பதிவு. நூறு சதவீதம் வருகை, யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை.

இருக்கையை நிரப்பினால் மட்டும் போதாது என்று நான் நினைப்பதற்கு இன்னொரு ஆதாரம், இரண்டு வெற்றி ஊர்களும் வெவ்வேறு வழியில் ஜெயித்தது. மக்வான்பூரில் கர்ப்பகாலப் பரிசோதனையும் மருத்துவமனைப் பிரசவமும் கூடின. ஜார்க்கண்ட், ஒடிசாவில் மருத்துவமனைக்குப் போவது பெரிதாக மாறவில்லை. மாறியது வீடு. பிரசவம் பார்ப்பவர் கை கழுவினார், தொப்புள்கொடி கட்டும் நூலைக் கொதிக்கவைத்தார்கள், தாய்ப்பால் மட்டும் கொடுப்பது கூடியது. மேலிருந்து ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. ஆஸ்பத்திரி எட்டாத ஊர், வீட்டைத் திருத்திக்கொண்டது. எட்டும் ஊர், தூக்குக்கட்டில் செய்துகொண்டது.

அந்தத் தீர்மானம் பிறக்கும் விதமும் பார்க்கவேண்டியது. ஏக்ஜுட்டின் சுழற்சி மொத்தம் 20 கூட்டங்கள். படங்களைப் பரப்பி, எது நம் ஊரின் பெரிய பிரச்சினை என்று ஒவ்வொருத்தியும் கல் வைத்து வாக்களிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் ஒரு கல், தலைவிக்கும் ஒரு கல். பிறகு கதை. ஒரு குழந்தை இறந்த கதையைச் சொல்லி "ஆனால் ஏன்?" என்று கேட்பது. குளிரில் கிடந்தது. ஆனால் ஏன்? யாரும் துடைத்துப் போர்த்தவில்லை. ஆனால் ஏன்? எல்லோரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் டொயோட்டாவிடமிருந்து எடுத்துக்கொண்ட "ஐந்து ஏன்" முறை இதேதான். அங்கே காய்கறி நறுக்கிக்கொண்டே செய்திருப்பார்கள் போல. ஊக்குநர் உள்ளூர்ப் பெண். சுகாதார ஆசிரியை அல்ல. இதை ஒரு குறையாக நினைக்கலாம். என் கணக்கில் இதுதான் அச்சாணி. விடை தெரிந்தவருக்குக் காத்திருக்க வராது. மூன்றாவது "ஏன்"-இலேயே பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். அப்புறம் அது குழு இல்லை, வகுப்பு.

இவ்வளவும் முதன்மைக் கட்டுரைகளில் எங்கே இருக்கிறது என்று தேடினால் செய்முறைப் பகுதியில் ஓரிரு பத்திகள். "தலையீடு" என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டு அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள். மருந்துச் சோதனையின் மொழியை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த வினை. மாத்திரைக்கு மில்லிகிராம் இருக்கிற மாதிரி, குழுவுக்கு "எத்தனை பேருக்கு ஒன்று". இதனால் அடர்த்தி அளக்கப்பட்டு, பிரபலமாகி, கொள்கையாகிவிட்டது. குழு எப்படி முடிவெடுத்தது என்பது அளக்கப்படாமல் பின்னுக்குப் போய்விட்டது. ஏக்ஜுட் அணி இதை உணராமல் இல்லை. ஏன் வேலை செய்தது என்று அதே 2010-இல் வேறொரு இதழில் தனிக் கட்டுரையே எழுதினார்கள். அதில் அவர்கள் சொல்லும் காரணங்களில் அடர்த்தி ஒன்று மட்டுமே. குழு ஊருக்கு ஏற்புடையதாக இருந்தது, பெண்கள் தாங்களே யோசிக்கப் பழகினார்கள், குழுவுக்கு வெளியே ஊரும் சேர்ந்தது, ஒதுக்கப்பட்டவர்களை நோக்கிப் போனார்கள், புதுக் கர்ப்பிணிகளைத் தேடி அழைத்தார்கள் என்று மற்றவை. லான்செட் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இதை யாரும் காட்டுவதில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் என்றதும் இன்னொரு எண். பின்னால் செய்த பகுப்பாய்வில், ஆய்வுப் பகுதியின் மிக விளிம்புநிலைக் குடும்பங்களில் இறப்பு 59% குறைந்திருந்தது, மற்றவர்களிடம் 36%. பொதுவாக எந்த நல்ல திட்டமும் முதலில் வசதியானவர் வீட்டுக்குத்தான் போகும். இது தலைகீழாகப் போயிருக்கிறது. இந்த வரிசையில் நான் படித்ததிலேயே கொண்டாட வேண்டிய முடிவு இது.

மும்பையைச் சொல்லாமல் விட்டால் கட்சி கட்டியது மாதிரி ஆகிவிடும். 48 குடிசைப் பகுதிகளை எடுத்துச் செய்த ஆய்வு, 2012-இல் வெளியானது. குழுவால் பலன் தெரியவில்லை. குழு நடந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு கூடுதலாகவே பதிவானது. அங்கே பெரும்பாலான பிரசவம் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில். நூலைக் கொதிக்கவைக்கலாமா என்று குழு முடிவெடுக்கும் இடமே அங்கில்லை. அந்த முடிவு வார்டில், குழுவின் கை எட்டாத இடத்தில் எடுக்கப்படுகிறது. ஆட்கள் அடிக்கடி இடம் மாறும் பகுதி, வேலைக்குப் போகும் பெண்கள் என்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் என் வாசிப்பில் முதல் காரணம் இதுதான்: குழுவால் எதைத் தீர்மானிக்க முடியுமோ, அதில்தான் குழு உயிரைக் காப்பாற்றும்.

இதை வைத்துப் பார்த்தால் அரசு கையில் எடுத்த பிறகு என்ன ஆனது என்பது முக்கியம். 2016-இல் ஜார்க்கண்ட், ஒடிசாவின் ஐந்து மாவட்டங்களில் ஆஷா பணியாளர்களே குழுக்களை நடத்திய ஆய்வு வந்தது: 31% குறைவு. பிறகு ஜார்க்கண்ட் மாநில அளவில் விரித்தபோது 24%. பிழை வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், இது சரிவு என்று சொல்லிவிட முடியாது. அரசுப் பதிவேட்டுக்குள் போனபின்னும் இவ்வளவு நின்றது என்பது என் அவநம்பிக்கைக்கு ஒரு குட்டு. ஆனாலும் ஆஷா என்பவர் ஊக்குநர் மட்டும் இல்லை. தடுப்பூசிக் கணக்கும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவர் தலையில்தான். சொல்வதற்கு விடைகளை மேலதிகாரி கொடுத்தனுப்பியிருக்கிற ஒருவர், "ஆனால் ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அடுத்த அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது என்ற பத்தியோடு, குழு தானாக முடிவெடுத்துச் செய்த காரியங்கள் எவை, ஊருக்கு ஊர் அவை வேறுபட்டனவா என்றும் ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும். எல்லா ஊரும் ஒரே தீர்மானம் போட்டிருந்தால் அங்கே கல் வைத்தது யார் என்று கேட்கலாம்.

மலாவியின் மிச்சின்ஜி மாவட்ட ஆய்வை (2013) இதில் சேர்க்கவில்லை. அங்கே குழுவையும், வீடு வீடாகப் போகும் தன்னார்வலரின் ஆலோசனையையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் என்ன ஆனது என்பது தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம், அடுத்த குறிப்பில்.